உரித்து வைத்த பேட்டரிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் குறையில்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிறு போனில் நீ அழுதது மனதை விட்டுப் போகவில்லை. "நான் இவ்வளவு தூரம் வந்தது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உங்களிடம் போனைத் தள்ளிவிடுகிறாள்" என்றாயே, கோபமும் இல்லை ஒன்றும் இல்லை கண்ணு, நீ பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. சொல்லக்கூடாது என்று என் வாயைக் கட்டிப் போட்டிருந்தாள். நீ அழுததைச் சொன்னதும் அவளே எழுதச் சொல்லிவிட்டாள், போனில் சொன்னால் நான் உளறிவிடுவேனாம்.

நீ அனுப்பிய காது மிஷின் முதலில் அருமையாக இருந்தது, பிறகு புது பேட்டரி போட்டாலும் பாதிப் பேச்சில் நின்றுவிடும். மகள் ஆசையாக வாங்கியது கெட்டுவிட்டது என்றால் நீ வருந்துவாய் என்று மறைத்தாள். நான் சும்மா இருப்பேனா, பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாய் என்று பேட்டரிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன், யாரோ சொன்னார்கள் என்று பேட்டரியை ஃபிரிட்ஜில் வைத்தேன், ஈரம் கோத்து உள்ளதும் போனதுதான் மிச்சம்.

கண்டுபிடித்தது உன் அம்மாதான். தைக்க உட்காரும்போதே நாலைந்து ஊசியில் நூல் கோத்துக் குத்தி வைத்துக்கொள்வாளே, நடுவில் கை நிற்கக்கூடாது என்று, அதே பழக்கத்தில் பேட்டரி அட்டை வாங்கியதும் எல்லாப் பேட்டரியிலும் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்துப் பொத்தான் டப்பாவில் அடுக்கியிருக்கிறாள். ஒருமுறை துணி வெட்டும் அவசரத்தில் ஒன்றை உரிக்காமல் விட, பிறகு போட்டபோது அது மட்டும் நன்றாக உழைத்தது. வேறு யாராவது என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பார்கள். இவள் அடுத்த அட்டையில் ஒன்றை உரித்து, ஒன்றை உரிக்காமல், இரண்டையும் பல வாரம் சும்மாவே வைத்துப் பார்த்திருக்கிறாள். இந்த வாரம் போட்டுப் பார்த்தால் உரித்தது வேலையே செய்யாமல் செத்துக் கிடக்கிறது, மற்றது ஜோராகக் கேட்கிறது. பூதக்கண்ணாடியில் காட்டினாள், ஸ்டிக்கருக்கு அடியில் பொடி ஓட்டைகள். காற்று உள்ளே போனால்தான் அதற்கு உயிர், ஒருமுறை போய்விட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும், திரும்ப ஒட்டியும் பயனில்லை. கடைக்காரரும் அதையேதான் சொன்னார். என் மனைவி என்று சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! நான் போட்ட சண்டைக்கு ஈடாக அவர் சட்டைக்குக் காலர் மாற்றியும் கொடுத்துவிட்டாள்.

குழந்தையின் பொம்மையில் பழைய பேட்டரியையும் புதியதையும் கலந்து போடாதே, விளையாடாத பொம்மையில் விட்டும் வைக்காதே, கசிந்துவிடும். பொத்தான் மாதிரி சின்னப் பேட்டரி எதுவும் குழந்தை கைக்கு எட்டக்கூடாது.

கடிதம் கிடைத்ததும் முதலில் ஒரு மிஸ்டு கால் கொடு. புதுப் பேட்டரியை உரித்து ஐந்து நிமிஷம் காற்றாட வைத்துத்தான் போட வேண்டுமாம், அப்புறம் கூப்பிடு. அதற்கென்றே ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறாள். மிஷினில் இருப்பதே ஓடுகிறதே, எதற்குப் புதுசு என்று கேட்டேன். "அவ பேசுறப்ப ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாதுங்க" என்றாள். மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசிகள். மறந்துவிடாதே, போனில் கத்த வேண்டாம், எப்போதும்போல் பேசு, அம்மாவுக்குக் கேட்கும்.

உன் அப்பா