சக்கரத்துக்கு வைத்த கல்

நாயுடுபுரம், 1983

பாசமுள்ள ஞானம் அண்ணே,

நீ போய் இன்றோடு ஒரு வருஷம். காலையில் மாதா கோயிலில் உனக்காகப் பூசை வைத்தோம். சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். யாரை மன்னிக்க? பெயர் தெரிந்தால்தானே மன்னிக்க முடியும்? பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். அம்மாவுக்கு என்மேல் வருத்தம்.

மேட்டில் நின்றுபோன லாரி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுப்பார்கள். வண்டி கிளம்பியதும் கல்லை நடுரோட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ரொட்டிப் பெட்டியோடு சைக்கிளில் போகும் நீ, கண்ணில் படும் கல்லுக்கெல்லாம் இறங்கி இறங்கி ஓரத்தில் தள்ளுவாய். நான் திட்டினால், "அவசரத்துல மறந்திருப்பாங்க ரோசு. வேணும்னேவா செய்வாங்க?" என்பாய்.

பனிமூட்டத்தில் உன் கண்ணில் படாத ஒரு கல்தான் உன்னைக் கொன்றது. நீ ரோட்டில் கிடந்தபோது இரண்டு கார்கள் உன்னைச் சுற்றி வளைத்துக்கொண்டு போயினவாம். முதலில் ஓடி வந்த விறகுக்காரம்மா சொன்னாள். அவர்களும் மறந்துதான் போனார்களா அண்ணே?

இன்னொன்றை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. உன் அடக்கத்துக்கு, உன்னிடம் ரொட்டி வாங்கும் டிரைவர்கள் லாரிகளிலேயே வந்தார்கள். மாலை போட்டார்கள், தேம்பி அழுதார்கள். வண்டிகளைக் கல்லறைத் தோட்டத்து மேட்டில் நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் போனபின் வெளியே வந்து பார்க்கிறேன், ரோடெல்லாம் கல். உனக்கு மாலை போட்ட அதே கைகள்! மனுஷர்கள் மேல் எனக்கிருந்த நம்பிக்கை அன்றைக்கே விட்டுப்போயிற்று. நான் ஒரு கல்லையும் தொடவில்லை. அவர்களே விழுந்து சாகட்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் இந்த ஒரு வருஷமும் தொடவில்லை.

இன்று கோயிலிலிருந்து நேரே நீ விழுந்த வளைவுக்குப் போனேன். பின்சக்கரங்களுக்கு இரண்டு கல் வைத்து உருளைக்கிழங்கு லாரி ஒன்று நின்றிருந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு டிரைவர் ஏறினான்.

"ஏலே, கல்லை எடுத்துப் போட்டுட்டுப் போலே!" என்று கத்தினேன்.

"சோலி கெடக்குக்கா, வெரசாப் போகணும்!"

போயே போய்விட்டான். எனக்கென்ன என்று நானும் நடந்தேன். பத்தடி போயிருப்பேன், மேலே பனிக்குள்ளிருந்து சைக்கிள் மணி கேட்டது.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. முழங்கால் சிராய்க்க இரண்டு கல்லையும் உருட்டித் தள்ளினேன். நிமிர்வதற்குள் சைக்கிள்காரன் வந்துவிட்டான். "நடுரோட்டுலயா நிப்பீங்க? கண்ணு தெரியலயா?" என்று வைதுவிட்டுப் போனான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவனை நான் நம்பவில்லை அண்ணே. லாரிக்காரனையும் நம்பவில்லை. மறந்திருப்பார்கள் என்று நீ சொன்னதை இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் மணிச்சத்தம் கேட்டதும் ஓடினேனே, அதை என்ன செய்ய?

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி நான் பார்க்கும் எந்தக் கல்லும் அந்த வளைவில் கிடக்காது. வாய் ஓயாமல் திட்டிக்கொண்டேதான் தள்ளுவேன். அதற்கு மட்டும் நீ குறுக்கே பேசக் கூடாது.

உன் கோபக்காரத் தங்கச்சி,
ரோஸ்மேரி