இடது பக்கம் பிடித்துத் தைத்த ஜாக்கெட்

மல்காஜ்கிரி,
ஞாயிறு.

அன்புள்ள சாஹித்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், நீயும் லண்டன் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, நேற்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

எதிர் வீட்டு ரஞ்சனா, ஆன்ட்டி, உங்க பொண்ணோட ஃபேஷன் ஷோ வந்திருக்கு பாருங்க என்று போனோடு ஓடி வந்தாள். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மாதாப்பூரில் படிக்கும்போது ஜரிகையும் ஜிகினாவுமாகக் கல்யாணப் பெண்களை மின்ன வைத்தாய், பம்பாய் போனதும் வெறும் வெள்ளைக்கு மாறினாய், அப்பா கூட இதென்ன ஆஸ்பத்திரி யூனிஃபார்மா என்று கேட்டார். இப்போது என்ன புதுசு என்று பார்த்தால், ஒரு பெண் என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடந்து வருகிறாள். அதே பச்சை, இடது பக்கம் மட்டும் பிடித்துத் தைத்து, பழைய தையலைப் பிரித்த ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன. ஆபரேஷனில் ஒரு மார்பை எடுத்தது உனக்கும் அப்பாவுக்கும் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. டெய்லரிடம் கொடுத்தால் ஏன் என்று கேட்பான் என்றுதானே கதவைச் சாத்திக்கொண்டு நானே தைத்தேன், கொடியில் கூடப் புடவைக்கு அடியில்தான் காயப்போட்டேன். அதை நீ எப்போதடி பார்த்தாய்? பார்த்தவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அத்தனை வெளிச்சத்தில், அத்தனை பேர் கைதட்ட, என்னையே அங்கே நிறுத்தியது போல உடம்பெல்லாம் கூசிப்போனது. இது சாஹித்யா தைத்ததுதானா என்று ரஞ்சனாவிடம் கேட்டேன், ஆமா ஆன்ட்டி, ஒரு பக்கம் மட்டும் டைட், நியூ ஸ்டைல் என்கிறாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பையே பற்றவைக்கவில்லை.

உன் மேல் கோபம் இன்னும் போகவில்லை, போய்விட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அப்பா வெளியே போனதும் என் போனில் நான்கு தரம் பார்த்தேன். நான்காவது தரம்தான் தெரிந்தது, அந்தப் பெண்ணுக்கும் இடது பக்கம் இல்லை. பஞ்சு கூட வைக்காமல் நிமிர்ந்து நடக்கிறாள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்று காலை நானும் பஞ்சு வைக்காமல் காய்கறிக் கடை வரை போய்வந்தேன். கடைக்காரி முற்றின வெண்டைக்காயைத் தள்ளிவிடப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை.

நீ ஆயுசோடும் பேரோடும் நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. இனி என்னுடையது எதை எடுத்தாலும் முதலில் என்னைக் கேள். அக்குளுக்குக் கீழே தையலை ரொம்ப இழுத்துவிட்டிருக்கிறாய், அந்தப் பெண் கையைத் தூக்கினால் தழும்பில் உரசும். இரண்டு விரல் இறக்கித் தை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

உன் அம்மா,
வேதா