ஜே.சி. ரோட்டில் டாடி வாங்கிய பிளக்

காக்ஸ் டவுன், பெங்களூரு
ஞாயிறு மதியம்

என் அன்பு மகள் சோனியாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் டாடியும் இங்கே சுகம், நியூசிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை டேரிலும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பேசும்போதெல்லாம் டாடி பக்கத்தில்தான் இருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து டாடி வெளி மனிதர்களிடம் பேசுவதையே விட்டுவிட்டது உனக்குத் தெரியும். ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் எதிரில் நிற்பவர் வேறு பக்கம் பார்க்கிறார், அது பிடிக்கவில்லை என்பார். பக்கத்து வீட்டு ஃபாத்திமா நலம் விசாரித்தால்கூட என் முகத்தைப் பார்ப்பார், நான்தான் பதில் சொல்வேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் அவரை நாலு பேரிடம் பேச விடுங்கள் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

இப்படி இருக்கும்போது போன வாரம் நம் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் நடுங்கும், மேம்பாலம் ஏறும்போது விக்கி விக்கி இழுக்கும், ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு உயிரே போய்விட்டது. வயதான வண்டி, விற்றுவிடலாம் என்றேன். மறுநாள் காலை இஞ்சின் ஆறியிருக்கும்போதே டாடி பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அவர் வலது கையில் இன்னும் பிடி வரவில்லை, அதனால் அவர் காட்டக் காட்ட நான் ஸ்பேனரைத் திருப்பி நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன், உன் அம்மா கழற்றினேன், நம்புகிறாயா? முனையெல்லாம் கரி, பொறி பாய்கிற இடம் தேய்ந்து அகன்றிருந்தது. இவ்வளவுதான் கோளாறு, வண்டியை விற்க வேண்டாம் என்றார். காரோடு வந்த புத்தகத்தில் எந்த பிளக் போட வேண்டும் என்று நம்பர் இருந்தது, அதைப் படம் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து, கார் சாமான் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோடு போனோம்.

கடையில் நல்ல கூட்டம், வழக்கம்போல நான்தான் பேசினேன். இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும் என்று மொபைலில் படித்திருந்தேன், படத்தைக் காட்டி இந்த நம்பருக்கு அதையே கேட்டேன். கடைக்காரர் நீங்கள் சொல்கிற நம்பர் இப்போது இல்லை, இதுவும் அதே பருமன்தான் என்று வேறொன்றை எடுத்து வைத்தார். நான் பர்ஸைத் திறந்துவிட்டேன். டாடி என் கையைப் பிடித்து நிறுத்தினார். பாக்கெட்டிலிருந்து பழைய பிளக்கை எடுத்துப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினார், பார்த்தால் புதியதில் திருகுகிற மரை கொஞ்சம் கூடுதல் நீளம். வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள். நானே சொல்லியிருப்பேன், ஆனால் அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்கே புரியவில்லை, அதுதான் நல்லதாய்ப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து கன்னடத்தில், "இது உத்த ஆயித்து, பேடா" என்றார், நீளம் அதிகம், வேண்டாம் என்று. பிறகு என் பக்கம் திரும்பி, "உள்ள பிஸ்டன் வந்து இடிக்கும் ஜூலி, இஞ்சினே போயிடும்" என்றார்.

கடைக்காரர் நல்ல மனுஷர், இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நீங்கள் சொல்வதுதான் சரி சார் என்று சொல்லி டாடியிடமே கேட்க ஆரம்பித்தார், என்ன வண்டி, ஊருக்குள் ஓட்டமா, தூர ஓட்டமா என்று. டாடி எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார் சோனியா! சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற வண்டிக்கு இரிடியம் தேவையில்லை, கம்பெனி சொன்ன சாதாரண பிளக்கே போதும், நீளமும் சூடு தாங்குகிற அளவும் மட்டும் மாறக்கூடாது என்றார். சில சொற்களை இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். அந்த மனுஷரும் பொறுமையாகக் கேட்டு, பக்கத்துக் கடையிலிருந்து சரியான நம்பரையே வரவழைத்துக் கொடுத்தார். நான் பில் வாங்குகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் டாடி ஒவ்வொரு பிளக் முனையிலும் அளவுத் தகட்டை நுழைத்து, பொறி பாய்கிற இடைவெளியை அளந்து தந்தார், நான் முதலில் விரலாலேயே மரையில் ஏற்றி, அப்புறம் ஸ்பேனரால் இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது, ஒரு நடுக்கம் இல்லை. சத்தம் கேட்டு ஃபாத்திமா வந்து என்ன பண்ணினீர்கள் என்று கேட்டாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவர் அவளுக்கு ஜே.சி. ரோட்டுக் கதையை முழுக்கச் சொன்னார். இன்று ஆராதனை முடிந்து கிளெமென்ட் அங்கிளின் காருக்கும் இவர்தான் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார், மட்டன் அடுப்பில் இருக்கிறது வாருங்கள் என்று நான் கெஞ்ச வேண்டியதாயிற்று.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வதித்து, வேலையிலும் வீட்டிலும் சமாதானம் தருவாராக. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. சனிக்கிழமை டாடியே உனக்குப் போன் பண்ணப் போகிறாராம், என்னிடம் தரமாட்டாராம். ஒன்றே ஒன்று கண்ணு, அவர் பாதியில் நின்றால் நீ சொல்லை எடுத்துக் கொடுக்காதே. லைன் போய்விட்டதோ என்று தோன்றினாலும் ஹலோ ஹலோ என்று கத்தாதே. கொஞ்சம் காத்திரு, அவரே சொல்லிவிடுவார்.

என்றும் உன் நலம் தேடும்,
அம்மா ஜூலியா