வெள்ளி நிற வண்டியில் வர வேண்டாம்

மக்குர்தி,
புதன்கிழமை

அன்பு மகள் இவெரனுக்கு,

அம்மா எழுதுவது. உன் இருமல் நின்றதா, ஜோஸ் மலைக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் வகுப்புக்குப் போகாதே. இங்கே நானும் அப்பாவும் நலம், தம்பி டெர்சூவுக்கு இரண்டாவது பல் முளைத்திருக்கிறது. அவனை மடியில் தூங்கவைத்துக்கொண்டு எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

அப்பா புது வண்டி வாங்கியிருக்கிறார். புது என்றால் பெல்ஜியத்தில் யாரோ ஓட்டிக் கழித்துக் கப்பலில் வந்தது, வெள்ளி நிறம், கதவைச் சாத்தினால் சத்தமே இல்லை, விற்றவன் மாட்டிக் கொடுத்த நைலான் உறையை இருக்கையிலிருந்து இன்னும் பிரிக்கவில்லை, கால் துடைக்காமல் என்னையே ஏறவிடுவதில்லை. நம் பழைய பெஜோ கார் மாமரத்தடியில் கோழி அடைகிற இடமாகிவிட்டது. மேடு ஏறினால் அதில் தண்ணீர் கொதிக்கும், பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும், அதெல்லாம் தெரிந்ததால்தான் அப்பா அதை அறுபதுக்கு மேல் ஓட்டியதில்லை. புது வண்டியில் போன ஞாயிறு லாஃபியா சாலையில் நூற்று நாற்பதில் போனார். தம்பியை இறுக்கிக்கொண்டு மெதுவாகப் போங்கள் என்றேன், ஸ்டியரிங்கைத் தட்டிக்காட்டி, இடித்தால் இதிலிருந்து பலூன் விரிந்து தாங்கும், உன் பழைய இரும்பில் அது உண்டா என்று சிரித்தார்.

நேற்று மெக்கானிக் ஓர்டுவென் வந்து பார்த்தார். அப்பா உள்ளே போனதும், "இவெரன் அம்மா, இது அங்கேயே நல்லா இடிச்ச வண்டி. பலூன் அப்பவே வெடிச்சுப்போச்சு, வெறும் மூடியை ஒட்டி வச்சிருக்காங்க. எச்சரிக்கை லைட்டையும் புடுங்கிட்டாங்க, அது எரிஞ்சா யாரு வாங்குவா" என்றார். அப்பாவிடம் சொன்னால், "பெஜோ போனா அவன் பொழப்பும் போச்சுல்ல, அதான் கதை விடுறான். காலேஜ் படிச்சவ நீ, கம்ப்யூட்டர் வச்ச வண்டியை விட்டுட்டுத் தகரத்தை நம்புற" என்கிறார். மேலே பேசினால் இன்னும் வேகமாக ஓட்டிக் காட்டுவார், உனக்குத் தெரியாதா அவரை. பழைய வண்டியிலும் பலூன் இல்லைதான், ஆனால் இருப்பதாக அது யாரையும் நம்பவைக்கவில்லை.

சனிக்கிழமை உன்னை அழைத்துவர அதில்தான் கிளம்புகிறார். திரும்பும்போது அந்த மலை இறக்கமும் எதிரே லாரிகளும் இருக்கின்றன. அதனால் ஒன்று செய். இதைக் கொண்டுவரும் பஸ் டிரைவர் வெள்ளிக்கிழமை காலை இங்கே திரும்புகிறார். அவர் கையில் அப்பாவுக்கு ஒரு சீட்டு கொடுத்தனுப்பு, சர்ச்சுக்கும் அத்தை வீட்டுக்கும் உருளைக்கிழங்கு மூட்டை வாங்கிவிட்டேன், ஈர மண்ணாக இருக்கிறது என்று. பொய் வேண்டாம், நிஜமாகவே வாங்கு. நைலான் உறைமேல் அந்த மண்ணை ஏற்ற உன் அப்பாவுக்கு உயிரே போனாலும் மனம் வராது, முணுமுணுத்துக்கொண்டே கோழியை விரட்டிவிட்டுப் பெஜோவை எடுப்பார். வழியெல்லாம் நின்று தண்ணீர் ஊற்றி வந்தாலும் பரவாயில்லை, இருட்டுவதற்குள் வராவிட்டாலும் நான் திட்டமாட்டேன்.

ஆண்டவர் உன்னை இறக்கத்திலும் திருப்பத்திலும் கைபிடித்துக் கொண்டுவரட்டும். படித்ததும் கிழித்துவிடு. ஒரு மூட்டை என்றால் டிக்கியில் போட்டுக்கொள்வார், மூன்று வாங்கு, சீட்டிலும் மூன்று என்றே எழுது.

உன் அம்மா,
ஹெம்பாடூன்