அப்பாவின் கழுத்தில் ஏறி வந்த விருந்தாளி

மொன்ட்ரியால்
23.11.2008

அன்புள்ள ஆர்த்திகா அக்காவுக்கு,

இத்தால் ஹலிபாக்ஸ் மாநகரில் படிக்கும் உமக்கு அறியத்தருவது யாதெனில், எங்கள் பிறீசரிலிருந்து ஐஸ்கிரீம் நிரந்தரமாக வெளியேற்றப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு மான் படுத்திருக்கிறது, துண்டு துண்டாக. இது அம்மாவின் கடிதம்தான். அவவின் கையிரண்டும் இறைச்சியும் தூளுமாக இருப்பதால் அவ சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், சொல்லாததையும் எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகம், நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்ப அம்மா முயற்சி செய்கிறா.

அப்பா தன்னோடு லாசால் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஜில் என்பவரோடு வேட்டைக்குப் போனார். சுட்டது ஜில். கயிற்றில் கட்டி இழுப்போம் என்று அவர் சொல்ல, அப்பா கேட்காமல் மானைக் கழுத்தைச் சுற்றித் தோளில் போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார். ஒரு கிழமையில் அவருடைய பிடரியில் சாம்பல் நிறத்தில் ஒரு மரு. தானாய் விழட்டும் என்று அம்மா ஊர் வழக்கப்படி தையல்நூலால் அதன் அடியில் இறுக்கி முடிச்சுப் போட்டா. மரு தன் கால்களை ஆட்டியது. ஐயோ இது உண்ணியப்பா என்று அவ கத்த, நான் துணிந்து முன்னுக்கு வந்து, புருவம் பிடுங்கும் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, நேரே இழுத்துப் போத்தலில் அடைத்தேன். கை நடுங்கவேயில்லை.

அதுக்குப் பிறகு அப்பாவுக்குக் காய்ச்சல், குளிர். டாக்டர் போத்தலைப் பார்த்தார், அதற்குள் கிடந்த நூலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். உண்ணியை நசித்தால் வயிற்றில் உள்ளதை எங்கள் இரத்தத்துக்குள் கக்கிவிடுமாம். சிலதுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும், அது எங்கள் சிவப்பணுவுக்குள் புகுந்து குடியிருக்கும் என்று ஒரு படம் காட்டினார். சிவப்பு வட்டத்துக்குள் சின்ன மோதிரம். அக்கா, யோசித்துப் பார். மான் மேல் உண்ணி, உண்ணிக்குள் இன்னொரு உயிர், அதற்கு ஒரு துளி இரத்தமே பெரிய ஊர். மான் செத்துக் குளிர்ந்ததும் உண்ணி அடுத்த சூட்டைத் தேடி நடக்குமாம். வலி தெரியாமலிருக்க எச்சிலால் மரக்கவைத்துவிட்டுத்தான் கடிக்குமாம். நான் இந்த வீட்டில் எத்தனை சப்பாத்துக்குள் ஐஸ்கட்டி போட்டிருப்பேன், ஒருவராவது கத்தாமல் விட்டதில்லை. இதுவோ அப்பாவோடு குளித்து, பஸ்ஸில் வேலைக்கும் போய்வந்திருக்கிறது. கும்பிட வேண்டிய கள்ளன்.

இரத்தச் சோதனை முடிவு வரும்வரை, நான்தானே நூல் கட்டிக் கெடுத்துப்போட்டன் என்று அம்மா சாமிப்படத்துக்கு முன் அழுதா. எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. நேற்று முடிவு வந்தது, ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சநாள் கவனிக்கட்டாம். உடனே அப்பா அடுத்த வருசமும் போறன் என்றார். அம்மா பார்த்த பார்வைக்கு மானே ஓடியிருக்கும்.

நீ சிநேகிதிகளோடு காட்டுக்குள் நடக்கப் போகிறாயாம். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகு, வந்ததும் பிடரி, காதுக்குப் பின்பக்கம், முழங்கால் மடிப்பெல்லாம் பார். புதிதாய் மரு கண்டால் நூல் எடுக்காதே. யாரும் மான் தந்தால் கையுறை போட்டு வெட்டி, நன்றாய் அவியவிடு. நல்லூர்க் கந்தன் உன் பிடரியையும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அம்மாவின் ஆசீர்வாதம்.

எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட அம்மா, உண்மையை எழுதாட்டிக் கையெழுத்துப் போடமாட்டன் என்கிறா. சரி. சாவணம் பிடித்தது அம்மா. கால்கள் ஆடியதைக் கண்டதும் நான் குளியலறை நிலத்தில் சரிந்துவிட்டேன். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியது அப்பா, பிடரியில் உண்ணியும் நூலும் தொங்கத் தொங்க.

இப்படிக்கு,
கை கழுவிவிட்டு வந்த அம்மா,
பாலாம்பிகை
(எழுதியவன்: வினோஜன்)