பின் இல்லாத முக்காடு

ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தலுக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நீ தைத்துத் தந்த முக்காட்டின் இலாஸ்டிக் தளர்ந்துவிட்டது. மாற்றிப் போடலாமென்று ஓரத்தைப் பிரித்தேன். உள்மடிப்பிலிருந்து உன் தையல் மெசின் எண்ணெயின் மணம் வந்தது. எத்தனை தரம் துவைத்திருப்பேன், அது மடிப்புக்குள் அப்படியே இருந்திருக்கிறது. ஊசியைப் பிடித்தபடி கொஞ்சம் அழுதேன். நீ பார்த்திருந்தால், "அழுறதெண்டா துணியத் தள்ளி வச்சிட்டு அழு புள்ள, கறை புடிக்கும்" என்றிருப்பாய்.

கறுப்புத் துணிக்கு ஓரம் பச்சை நூல். கறுப்பு நூல் முடிந்துபோச்சு என்று நீ சொன்ன சாக்கை நான் அன்றே நம்பவில்லை. உனக்குப் பச்சை பிடிக்கும், அவ்வளவுதான்.

நீ கற்பிட்டியிலிருந்து கரைத்தீவுக்கு மருமகளாய் வந்தவள். நான் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களின் மகள். முகாம் கொட்டிலில் பிறந்து, பிறகு கிடைத்த கல்வீட்டில் வளர்ந்தவள். இந்த மண்ணிலேயே பிறந்தும் எங்களைப் பேசும்போது இன்னும் சிலர் 'அகதி ஆக்கள்' என்பார்கள். உன் வீட்டு வேலியும் எங்கள் வேலியும் ஒன்று. நீ வந்த புதிதில், வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "உங்கட ஊட்டுல தேங்காய் துருவுற சத்தம் கேக்குது, என்ன கறி?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நமக்கு வேலி எதற்கு இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீ என்னைவிட மூத்தவள். மூத்த சகோதரியை எங்கள் வீட்டில் ராத்தா என்போம்; உன்னையும் அப்படித்தான் கூப்பிட்டுப் பார்த்தேன். "பேரச் சொல்லிக் கூப்புடு. எனக்கு வயசக் கூட்டாத" என்று சண்டைக்கு வந்தாய்.

புத்தளம் டவுனில் மருந்துக்கடை வேலை கிடைத்தபோது என்னைவிட நீதான் துள்ளினாய். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும்தான் நான் ஒருவரின் மகளாகவோ தங்கையாகவோ இல்லாமல் நானாகவே இருந்தேன். சிங்களத்திலும் தமிழிலும் சனம் என்னிடம் வந்து கேட்கும், நான் விளக்கிச் சொல்லுவேன். அந்த வேலையைத்தான் ஒருவன் பறிக்கப் பார்த்தான்.

அந்தித் தொழுகை மஃரிபுக்கு முன்னால் சந்தியில் பஸ் இறங்கி, தென்னங்காணி ஓரமாக வீட்டுக்கு நடப்பேன். மோட்டார் சைக்கிளை உருட்டுகிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு ஒருவன் பக்கத்தில் வரத் தொடங்கினான். "ஏறுங்க தங்கச்சி, ஊட்டடியில எறக்கி உடுறேன்." நான் தலையைக் குனிந்துகொண்டு, "வேணாம் நானா" என்பேன்; அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அடுத்த நாளும் அப்படித்தான். வாரம் முழுக்க அப்படித்தான். ஒரு நாள் அவன் கையை நீட்டி என் பையின் வாரைப் பிடித்தான். அன்றும் நான், "உடுங்க நானா, உம்மா தேடுவாங்க" என்றுதான் சொன்னேன். வளைவில் தேத்தண்ணிக் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

வீட்டில் சொன்னதும் உம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "வேலய உட்டுட்டு ஊட்டுல இரி." நான் உன் தையல் மெசினடியில் வந்து உட்கார்ந்து அழுதேன். நீ மெசினை நிற்பாட்டவே இல்லை. கால் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாய்: "அவன் றோட்டுல ஓடுவான், நீ ஊட்டுல இரிப்பியோ? கராத்தே, கிராத்தே என்னமோ சொல்லிக் குடுக்கிறாங்களே, அதுக்குப் போவம். நானும் வாறன். எனக்கும் இந்த இடுப்பு குறையட்டும்."

அன்று முதல் ஒவ்வொரு அந்தியிலும் சந்திக்கு வந்து நின்றாய். நாம் இருவராக நடந்ததும் அவன் காணாமல் போனான். உனக்கு அது போதவில்லை. "நான் என்ன, உன்ட பொலிஸா? நீயே படி" என்றாய்.

வகுப்பு தேடி அலைந்தது இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான். டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் முதல் வகுப்பு. சுவர் முழுக்கக் கிண்ணங்கள், பதக்கங்கள். மாஸ்டர் நல்ல மனிதர்தான். சேர்ந்து கொஞ்ச நாளில் கையால் ஓடு உடைக்கலாம் என்று பெருமையாகச் சொன்னார். நீ பணிவாகக் கேட்டாய்: "ஓடு எங்கள றோட்டுல மறிக்கிறதில்லியே, மாஸ்டர்?" நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

இரண்டாவது இடத்தில் பெண்களுக்கென்றே தனி வகுப்பு. முன்வரிசைப் பெண்கள் காலைத் தூக்கிய உயரத்தைப் பார்த்து நான் மயங்கிவிட்டேன். இங்கேயே சேர்வோம் என்றேன். நீ என் காதில் சொன்னாய்: "முன்னுக்கு நிக்கிறவளப் பாக்காத. கடைசியா நிக்கிறவளப் பாரு. அவளுக்கு நடக்கிறதுதான் எங்களுக்கும் நடக்கும்." கடைசியில் நின்ற பருத்த பிள்ளை கால் தடுக்கி விழுந்தாள். எல்லோரும் சிரித்தார்கள், படிப்பித்தவரும் சேர்ந்து சிரித்தார். நீ செருப்பை மாட்டிக்கொண்டாய்.

மூன்றாவதுதான் முந்தல். ஒரு பாலர் பாடசாலையின் அறை. குட்டிக் கதிரைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு நடக்கும் வகுப்பு. டீச்சர் சிங்களப் பெண், தமிழ் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். கடைசியில் நின்றவர் முழங்கால் நோவுள்ள ஓர் அம்மா. டீச்சர் அவரிடம் போய், அவர் காலுக்கு ஏற்றமாதிரி அடியை மாற்றிக் காட்டினார். பிறகு கையை நீட்டி, தொடாமல் நிறுத்தி, "கை பிடிக்கலாமா?" என்று கேட்டார். அந்த அம்மா தலையாட்டிய பிறகுதான் பிடித்தார். நீ என் விலாவில் இடித்தாய். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

பெயர் எழுதும்போது டீச்சர் கேட்டார், "அக்கா, தங்கச்சியா?" நீ கண்ணிமைக்காமல், "ஓம் டீச்சர். என்ட தங்கச்சி" என்றாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டேன், ஏன் பொய் சொன்னாய் என்று. நீ யன்னலால் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு, "பொய்யோ உண்மையோ, போகப் போகப் பாப்பம்" என்றாய்.

அந்த வகுப்பில் முதலில் அடிக்கச் சொல்லித்தரவில்லை. தள்ளி நிற்க, சுற்றிப் பார்க்க, விலகிப் போக, பிறகு சத்தம் போட. சத்தம் போடுவதில் உன்னை வெல்ல ஆளில்லை. களப்பில் நிற்கும் தோணிக்குக் கரையிலிருந்து வாப்பாவைக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை அது. அடுத்த வளவு நாய் எழும்பிக் குரைத்தது. என் முறை வந்தது. டீச்சர் கேட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். "நான் கெட்ட ஆள். சத்தம் போடுங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "கைய உடுங்க நானா."

அறையே வெடித்துச் சிரித்தது. முழங்கால் நோவு அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பிடியே ஒரு தேத்தண்ணியும் ஊத்திக் குடு!" என்றாய். ஆனால் பஸ்ஸில் நீ சிரிக்கவில்லை. "புள்ள, கண்டவனுக்கெல்லாம் நீ ஏன் நானா எண்டுறாய்?" என்று கேட்டாய். நம்மூரில் அப்படித்தானே எல்லோரும் சொல்வது, மரியாதைதானே என்றேன். "மரியாதய உன்ட கடைக்கு வாற ஆக்களுக்குக் குடு. முறையக் குடுக்கக்குள்ள ஆளப் பாத்துக் குடு."

இரண்டாம் வாரம் என் முக்காட்டில் குத்தியிருந்த பின் டீச்சரின் விரலைக் குத்தி ரத்தம் வந்தது. அடுத்த ஞாயிறு நீ பின் இல்லாத முக்காடுகளோடு வந்தாய்: கழுத்தடியில் இலாஸ்டிக், இழுத்தால் அசையாது, யாரையும் குத்தாது. முக்காடு போடுகிற எல்லோருக்கும் ஒவ்வொன்று. பச்சை ஓரம் எனக்கு மட்டும்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். வார்டில் உன்னைப் பார்த்தபோது உதடு காய்ந்திருந்தது, கண் மட்டும் நீயாக இருந்தது. "கிளாசுக்குப் போனியா?" என்றாய். நீ வந்தால்தான் போவேன் என்றேன். "அப்ப அவனும் நான் வாற மட்டும் பாத்துக்கிட்டு இரிப்பானோ?" என்று சிரிக்கப் பார்த்தாய். அதுதான் நீ என்னோடு கதைத்த கடைசிக் கதை.

உன் வீட்டு முற்றம் நிறையச் சனம். கற்பிட்டியிலிருந்து உன் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். உன்னைக் குளிப்பாட்டத் திரை கட்டினார்கள். நான் எழும்பிப் போனேன். வயதான ஒரு பெண் வாசலில் மறித்து, கோபமில்லாமல்தான், கேட்டார்: "மௌத்தான புள்ளைக்கு நீங்க என்ன முறை?" "பக்கத்து ஊடு" என்றேன். "அப்ப கொஞ்சம் வெளியில இரிங்க மகள், முறைக்காரங்க மட்டும் வரட்டும்." நான் வெளியில் உட்கார்ந்தேன். திரைக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தலைமுடி சிக்கெடுக்க உனக்கு நோகும் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வேலியடியில் நின்றேன்.

ஞாயிறுகள் வந்தன, நான் முந்தலுக்குப் போகவில்லை. நீ தைத்த முக்காட்டோடு வேலைக்கு மட்டும் போய் வந்தேன். நான் தனியாக நடப்பதை அவன் எப்படித்தான் அறிந்தானோ. அதே தென்னங்காணி, அதே உருட்டல் வேகம். "தங்கச்சி, இப்ப தொணைக்கு ஆளில்லியே, ஏறுங்களேன்." உன் இடம் காலியாகிவிட்டதை அவன் வாயால் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. அப்படியொரு கோபம் என்னிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. அவன் கை என் முக்காட்டை எட்டிப் பிடித்தது. உன் தையல் அசையவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தேன், கையை முன்னால் உயர்த்தினேன், வளைவுக் கடை வரைக்கும் கேட்கக் கத்தினேன்:

"நீ எனக்கு நானா இல்ல! ஆரெண்டே தெரியா! தள்ளிப் போ!"

தேத்தண்ணிக் கடையிலிருந்து அத்தனை பேரும் எழும்பி வந்தார்கள். அவன் மோட்டார் சைக்கிளைத் திருப்பத் தெரியாமல் காணிக் கம்பிவேலியில் மோதிக்கொண்டு ஓடினான். கடைக்காரர் மூச்சிரைக்க வந்து நின்று சொன்னார்: "அல்லாஹ்வே! இவ்வளவு நாளும் தங்கச்சி, நானா எண்டு கதைச்சிக்கிட்டுப் போறீங்க, நாங்க உங்கட சொந்தக்காரர் எண்டுதான் நெனச்சம்." அன்றுதான் நீ பஸ்ஸில் சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது. நான் கொடுத்த முறையைப் போர்த்திக்கொண்டுதான் அவன் ஊருக்கு நடுவே வந்து போயிருக்கிறான். அவனை அதற்குப் பிறகு அந்தப் பாதையில் காணவில்லை. உம்மா வேலையை விடச் சொல்வதும் நின்றது.

அடுத்து வந்த ஞாயிறு முந்தலுக்குத் தனியாகப் போனேன். டீச்சர் என் பின்னால் வாசலைப் பார்த்தார். "அக்கா வரல்லியா?" என்றார்.

பக்கத்து வீடு என்று சொல்ல வாய் வரவில்லை. "மௌத்தாகிட்டா, டீச்சர்," என்றேன். "என்ட ராத்தா."

டீச்சர் கிட்ட வந்தார். வழக்கம் போலக் கையை நீட்டி, தொடாமல் நிறுத்தினார். "கை பிடிக்கலாமா?" நான் ஓம் என்றேன். உன்னைக் கொண்டுபோன நாளிலிருந்து எனக்குள் கிடந்த அழுகை முழுவதையும் அந்தக் குட்டிக் கதிரைகளுக்கு நடுவில் சத்தம் போட்டு அழுதேன். அடுத்த வளவு நாய் எழும்பிக் குரைத்தது.

இலாஸ்டிக் மாற்றியாகிவிட்டது. ஓரத்தைத் திரும்ப மூடித் தைக்கக் கறுப்பு நூல் வீட்டில் நிறைய இருக்கிறது, பச்சைதான் கோத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஆளைப் பார்த்துத்தான் முறை கொடுக்கச் சொன்னாய். நான் பார்த்துவிட்டேன். இனி நீ சண்டைக்கு வந்தாலும் சரி, வயது கூடினாலும் சரி, போய்விட்டு வருகிறேன் ராத்தா.