அடிச்சுரம் இல்லாத ஓம்

உட்துறைமுகம்,
வெள்ளிக்கிழமை.

அன்பின் கஜந்திக்கு,

உமக்கும் மகளுக்கும் சுகம் வேண்டி எழுதுகிறேன். நானும் கப்பலும் இன்னும் மூழ்கவில்லை. உவர்மலையில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. தெரிந்துகொண்டே கடிதம் எழுதுகிறானே என்று சிரியாதேயும். தொலைபேசி என்றால் நீர் ஏதாவது கேட்பீர், நான் மறுபடியும் ஓம் என்பேன். அந்த வில்லங்கம் போதும்.

மகளின் இருமல் நின்றதா? கொத்தமல்லி அவித்துக் கொடும். எனக்குச் சாப்பாட்டில் குறையில்லை. ஆதம்பாவா காக்கா வள்ளத்தில் தண்ணீரும் பாணும் கொண்டு வருகிறார். சில நாட்களில் அவர் மனைவி கிண்ணியாவிலிருந்து மீன் பொரித்தும் அனுப்புவார். எலிகளோடு சமாதானமாகிவிட்டேன். குசினி அவற்றுக்கு, மேல்தட்டு எனக்கு.

நான் எப்படி இதில் மாட்டினேன் என்று மாமா இன்னும் கேட்கிறாராம். அவருக்கு இதைச் சொல்லும். கம்பனி கப்பலைக் கைவிட்டு ஓடிவிட்டது. கப்பல் மேல் போட்ட வழக்கு முடியும்வரை ஒருவர் கரைக்கு இறங்காமல் பொறுப்பாகக் கப்பலில் இருக்க வேண்டுமாம். மற்றவர்களை வீட்டுக்கு அனுப்ப வந்த அதிகாரி, ஊரவன் என்று என்னைப் பிடித்து நீளமாக விளக்கம் சொன்னார். ஒருவர் கதைக்கும்போது நாங்கள் என்ன செய்வோம்? கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக ஓம், ஓம் என்போம். நானும் சொன்னேன். மனிதர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஓம் என்றால் ஆம் என்று யாரோ அவருக்குச் சரியாகப் படிப்பித்திருக்கிறார்கள். கையொப்பம் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. எல்லாரும் பயணப் பையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்கத்தில் அப்போதும் வாயில் வந்தது ஓம்தான்.

இரண்டாம் எஞ்சினியர் பெனிட்டோ விமானத்தில் ஏற்ற ஏலாமல் விட்டுப்போன பெடல் ஸ்டீல் கிட்டாரைப் பற்றி முன்பு சொன்னேன். அது மேசை போல நாலு காலில் நிற்கும். பத்துக் கம்பி. இடது கையில் ஓர் இரும்புத் துண்டு, பாதத்துக்குப் பெடல்கள், முழங்கால்களால் தள்ளுவதற்குத் தண்டுகள். உட்கார்ந்தால் கையும் காலும் அகப்பட்டுவிடும். ஆனால் அந்தச் சிறைக்கு மட்டும் நானாக விரும்பிப் போகிறேன். பின்னேரத்தில் ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடும்; அப்போதுதான் ஒலிபெருக்கிக்கு உயிர்.

இப்போது ஜாஸ் கோட் படிக்கிறேன். வழக்கு நடக்கிற கோட் இல்லை, பாட்டில் வருகிற கோட், சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது. இரண்டும் என்னை விடுவதாக இல்லை. சாதாரணக் கிட்டாரில் விரலை நினைத்த இடத்தில் வைக்கலாம். இதில் இரும்பைக் குறுக்கே நேராகத்தான் வைக்கலாம். ஆகவே எந்தக் கம்பியைத் தொடுவது, எதை விடுவது என்பதுதான் படிப்பே. தொலைபேசியில் இறக்கி வைத்த பாடத்தில் ஒருவர் சொல்கிறார்: ஜாஸில் மற்றச் சுரங்களைத் தாங்கும் அடிச்சுரத்தை நீ வாசிக்காதே, அதைப் பேஸ் கிட்டார்காரர் பார்த்துக்கொள்வார். வலது முழங்காலைத் தள்ளினால் ‘ஸி’ கம்பி அரைச்சுரம் இறங்கும். பக்கத்தில் இரண்டு கம்பிகள் அசையாமல் நிற்கும். மூன்றையும் சேர்த்து மீட்டினால், வேலை முடிந்து வந்து கதிரையில் சாய்ந்த மாதிரி இருக்குமாம். நான் மீட்டினால் செத்த வீடு. எத்தனையோ நாள் முழங்காலைத்தான் திட்டினேன்.

போன ஞாயிறு, கோதுமைக் கப்பல் ஒன்று சீனக்குடாப் பக்கம் திரும்பும்போது ஊதியது. அந்த ஊதல் கிட்டத்தட்ட ‘ஸி’, நான் வாசிக்காமல் விட்ட அடிச்சுரம். என் மூன்று சுரங்களுக்கும் அடியில் வந்து நின்றது. கஜந்தி, அதே கம்பி, அதே விரல், செத்த வீடு வீடாகிவிட்டது. ஊதல் நின்றதும் திரும்பவும் அழுகை. பிழை என் முழங்காலில் இல்லை. அடியில் ஒன்றும் இல்லாவிட்டால் கேட்கிறவருக்கு அது வேறு கோட்.

உடனே எங்கள் கடைசித் தொலைபேசிக் கதை நினைவில் வந்து இடித்தது. லண்டனில் அக்கா விசா அலுவலெல்லாம் பார்த்தாயிற்று, நானும் பிள்ளையும் அங்கே போகட்டே என்று கேட்டீர். நான் ஓம் என்றேன். சரி என்று நீர் வைத்துவிட்டீர். நேற்றுக் காக்கா தண்ணீர்க் கலனை இறக்கிக்கொண்டே, தம்பி, உங்கட வீட்டு அலுமாரி விலைக்கு வருதாமே, நல்ல மரமா என்று கேட்டார். நீர் புறப்பட ஆயத்தமாகிறீர் என்று அப்போதுதான் விளங்கியது. அதற்கும் ஓம் என்றேன்.

நான் அன்று சொன்னது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற ஓம். உமது குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். போகலாம் என்று சொல்லவில்லை. நீரும் எதை அடியில் வைத்துக் கேட்டீரோ, எனக்குத் தெரியாது. ஒருவேளை நான் மறிப்பேன் என்று எண்ணித்தான் கேட்டீரோ?

எனக்கு எப்போது விடுதலை என்று சட்டத்தரணிக்கும் தெரியவில்லை. இன்னும் எவ்வளவு காலம் தனியே தாங்குவது என்று நீர் கேட்டால் அது நியாயம்தான். போகத்தான் வேண்டும் என்றால் உம்மைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் சம்மதம் இருக்கிறது என்று எண்ணிப் போக வேண்டாம். பின்னேரங்களில் அந்தத் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். கீழே வேறு ஆட்கள் குடியிருந்தால் நான் எந்தப் பக்கம் பார்ப்பது? என்னால் ஏலாது, கஜந்தி. அன்று சொல்லியிருக்க வேண்டிய சொல் அதுதான்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் காக்காவிடம், அலுமாரி முழுக்கக் கறையான் என்று சொல்லி அனுப்புகிறேன். நீரும் அப்படியே சொல்லும்.

மகளுக்கு என் முத்தம். எங்கிருந்தாலும் கோணேசர் உங்களைக் காக்கட்டும் என்று முடிப்பதுதான் முறை. எழுதப் பார்த்தேன், கை போகவில்லை. கோணேசர் உங்கள் இருவரையும் இங்கேயே வைத்துக் காக்கட்டும்.

உமது,
துவாரகன்